மாடத்துக்குள் போகாத பீடம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஈரோட்டிலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "கல்யாணம் முடிஞ்சதும் நானும் சுமதியும் நம்ம ஊட்டுக்கு வரலாமுங்களா, வேண்டாமுங்களா? ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்கப்பா" என்று கேட்டாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டு அம்மா எனக்கு மரியாதை கொடுப்பதுபோல டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மனசைத் திறந்து கொட்ட முடியுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. அந்த வீட்டில் ஆளே இல்லாமல் இருந்திருந்தாலும் நான் "பாக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, உன் அம்மா அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இதைச் சுமதிக்கும் படித்துக் காட்டு. அவளுக்காகவே உனக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதுகிறேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதே. உனக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது.

முதலில் என் வேலையை அவளுக்குச் சொல்லிவிடு. நான் தச்சன்தான், ஆனால் கட்டில் மேசை செய்கிற தச்சன் இல்லை. பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவன். பம்ப் பாடி, மோட்டார் மூடி என்று எதை இரும்பில் வார்ப்பதாக இருந்தாலும், முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்துக்குள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு அரைக்கால் அங்குலம் குறையும். அதனால் மரத்தில் செய்யும்போதே அந்த அளவைக் கூட்டிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக எங்களுக்கென்று தனியாக ஒரு ஸ்கேல் உண்டு. சுருக்க ஸ்கேல் என்போம். அதில் ஓர் அடி என்று கோடு போட்டிருந்தால், அது நிஜத்தில் ஓர் அடியும் அரைக்கால் அங்குலமும் இருக்கும். பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரியேதான் தெரியும். கடைக்காரன் துணி அளக்க அதை வைத்திருந்தால் வாங்குகிறவர்கள் அவனைத் தெய்வமாகக் கும்பிடுவார்கள்.

எனக்கு வாயால் செபம் வராது. செபமாலையில் மூன்றாவது பத்து மணியை உருட்டும்போதே என் தலை தொங்கிவிடும், உன் அம்மா முழங்கையால் இடிப்பாள். பாதர் பிரசங்கம் வைக்கும்போது நான் கோயில் கதவின் மூட்டு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் கையில் உளி இருந்தால் நான் வேறு ஆள். ஒரு கோதுமைக் கதிரைச் செதுக்கி முடிப்பதற்குள் ஆண்டவரிடம் எவ்வளவோ பேசிவிடுவேன். நன்றி சொல்வேன், சண்டை போடுவேன், மறுபடி நன்றி சொல்வேன். தொண்ணூற்றொன்றில் கணபதிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டியபோது, வாடகை வீடுகளில் இருபது வருஷம் அலமாரி மூலையில் நின்றுகொண்டிருந்த மாதா சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, ஒரு நல்ல பீடம் செய்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கென்றே கூடத்துக் கிழக்குச் சுவரில் மூன்றடி அகலம், நாலடி உயரத்துக்கு ஒரு மாடம் விடச் சொன்னேன். பதினொரு மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தேன். இரண்டு தூணிலும் திராட்சைக் கொடி, மேல் வளைவில் கோதுமைக் கதிர், நடுவில் சுரூபம் நிற்க மேடை, கீழே மெழுகுத்திரி போட்டு வைக்க ஒரு டிராயர். மாடத்தைக் கொத்தனாருடைய டேப்பில்தான் அளந்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அளந்தேன். பிறகு பட்டறைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மரத்தில் கோடு போட்டேன். அந்தப் பையில் இருந்தது ஒரே ஸ்கேல்.

பாதர் வந்து புது வீட்டை மந்திரித்த நாள் உனக்கு மறந்திருக்காது. பத்து மணிக்குப் பாதர் வருகிறார், எட்டரைக்கு நாம் பீடத்தைத் தூக்குகிறோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ, பின்னால் எங்கள் பவுண்டரியில் மண் அச்சுப் பிடிக்கிற மோல்டர் பழனிசாமி. கூடத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். பீடம் மாடத்தின் வாசல்வரை போனது, நின்றுவிட்டது. சாய்த்துத் தள்ளினோம், நேராகத் தள்ளினோம், சுவரில் புது வெள்ளை உதிர்ந்ததுதான் மிச்சம். அப்போது நீ என் காதோரம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அப்பா, எந்த ஸ்கேல்லீங்க அளந்தீங்க?" என்று கேட்டாய். பதினெட்டு வயசுப் பையன், அப்பனுடைய மானத்தைக் காப்பாற்ற எவ்வளவு பதவிசாகக் கேட்டாய் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. "ரெண்டு வருசம் பாலிடெக்னிக் படிச்சுப்போட்டு எனக்கே அளவு சொல்லித் தர்றியா? வாய மூடிட்டுத் தூக்குடா" என்று கத்தினேன். நீ முகம் சிவந்துபோய் மறுபடி தூக்கினாய். பழனிசாமிதான் சந்தேகப்பட்டு என் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து, டேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏனுங்க, பீடத்த இரும்புல வார்க்கறதுக்குச் செஞ்சீங்களாட்ட இருக்குது! வார்த்து ஆறுச்சுன்னா கனகச்சிதமாப் பூந்துக்குமுங்க."

இருபது பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு அந்தக் கதையை ஊரெல்லாம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன், ஆனால் நீ கேட்ட கேள்வியை மட்டும் எந்தத் தடவையும் சொன்னதில்லை. கண்ணு, அன்றைக்கு நீ கேட்டது சரி. நான் கத்தியது தப்பு. எட்டு வருஷம் கழித்து எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

இழைத்துக் குறைக்கலாம் என்றால் விளிம்புவரை திராட்சைக் கொடி. வெட்டினால் இலையும் பழமும் பாதியாக நிற்கும். மூளை வேலை செய்யாமல் நான் நடுக்கூடத்தில் நிற்கிறேன், உன் அம்மா பாயாசக் கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்குக் கொண்டு வந்த இரும்புப் பெட்டியை மேற்குச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் தான் குரோஷா பின்னிய வெள்ளைத் துணியை விரித்து, "ஏனுங்க, இதும் மேல வையுங்க, பாதர் வர்ற நேரமாச்சு" என்றாள். வைத்தோம். பாதர் வந்தார், விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தார். "மண்டி போடறவங்களுக்குச் சாமி கீழ இருந்தாத்தானே வசதி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடத்தின் ஓரத்தைக் கொத்திப் பெரிதாக்கி விடலாம் என்று நான் உளியோடு போனபோது உன் அம்மா குறுக்கே நின்றுகொண்டாள். "பாதர் மந்திரிச்ச எடத்துலயே இருக்கட்டுமுங்க. அத்தன ஒசரத்துல வெச்சா எனக்குத் திரி ஏத்தவே எட்டாது. பதனோரு மாசம் செஞ்சீங்களே, எனக்கு எட்டுமான்னு ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?" கேட்கவில்லை. மாடத்தின் அளவு எடுத்தேன், மரத்தின் அளவு எடுத்தேன், தினமும் திரி ஏற்றப் போகிறவளின் கை எதுவரை போகும் என்று அளக்கவில்லை. உனக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: வீட்டில் ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும், அதில் எதையாவது மாட்டப் போகிறவளைப் பக்கத்தில் நிற்க வைத்து அடி.

அந்தப் பீடம் அப்படியே அங்கே இருந்துவிட்டது. இந்த எட்டு வருஷத்தில் நம் மூன்று பேர் கையும் அதில் பட்டிருக்கிறது. உன் அம்மா வருஷத்துக்கு ஒரு துணி பின்னினாள். குருத்தோலை ஞாயிறன்று நீ ஓலையை மடித்து மடித்துச் சிலுவை செய்து வளைவில் செருகுவாய், பழசை எடுத்துச் சாம்பல் புதனுக்கு எரிக்கக் கோயிலில் கொடுப்பாய். கிறிஸ்துமஸுக்கு மில் கழிவுப் பஞ்சைப் பரப்பி, பவுண்டரி மண்ணைக் கொட்டி, நான் செதுக்கிய ஆட்டையும் மாட்டையும் நிற்க வைத்துக் குடில் கட்டுவோம். நான் செய்த கழுதை மட்டும் நாய் மாதிரி இருக்கும், நீ ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்து "லொள்" என்பாய். கீழே மாட்டிக்கொண்ட இரும்புப் பெட்டிக்குள் உன் அம்மாவின் கல்யாணச் சேலை இருந்தது. பீடத்தைத் தூக்கினால்தான் பெட்டி திறக்கும் என்பதால் அவள் அதைக் கேட்கவே இல்லை. காலியாகக் கிடந்த மாடத்தில் டிரான்சிஸ்டர், டார்ச், ரேஷன் கார்டு, தலைவலித் தைலம் என்று ஒவ்வொன்றாகக் குடியேறின. வருகிறவர்கள் "இதென்னங்க, செவுத்துல இத்தனை பெருசாப் பொந்து?" என்று கேட்டால், "காத்துக்கு விட்டதுங்க" என்பேன். அது பின்பக்கம் சுவர் வைத்து அடைத்த மாடம், காற்று எங்கே வரும்? யாரும் மறுகேள்வி கேட்டதில்லை, நம் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

இனிதான் எழுதக் கை கூசுகிற இடம். போன ஆவணியில் நீ சுமதியை முதல் தடவையாக அழைத்து வந்தாய். சென்னிமலையில் தறி வைத்துப் பெட்ஷீட் நெய்கிற வீட்டுப் பெண், முருகனைக் கும்பிடுகிற குடும்பம் என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்து, நெஞ்சுக்குள் கல்லைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நின்றேன். அந்தப் பெண் நன்றாகவே பேசினாள். உன் அம்மா சுட்ட ஒப்பிட்டு இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு பைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "மாமா, பீடத்துக்குன்னு நானே கோத்துக் கொண்டாந்தேனுங்க." நைலான் நூலில் கோத்த பாசிமணி வேலை. பொட்டலத்தின் ஒரு முனை பிரிந்து, நீல மணி தெரிந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் என் புத்தி நேராக மயிலுக்குத்தான் போனது. மாதாவின் அங்கியும் நீலம்தான் என்று ஐம்பத்தாறு வயசில் எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? அதை முழுசாகப் பிரிக்கக்கூட இல்லை. மாலை என்று நானே முடிவு செய்துகொண்டு, "பெருசா இருக்குதுங்க அம்மணி. சுரூபம் ஒரு அடிதானுங்க. அளவு சேராதுங்க, வேண்டாமுங்க" என்றேன். எத்தனை 'ங்க' போட்டேன் பார். நம் பக்கத்தில் ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்புவதைக்கூட மரியாதை குறையாமல் செய்துவிடலாம். அவள் "சரிங்க மாமா" என்று பொட்டலத்தை மடித்து உன் அம்மா கையில் கொடுத்தாள். அதற்கு மேலும் நான் விடவில்லை. நீ கிளம்பும்போது கேட் பக்கத்தில் உன்னைக் கூப்பிட்டு, அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள், காதில் விழும் என்று தெரிந்தே, "இந்த ஊட்ல ஒரு பீடந்தான். வேற சாமிக்கு இங்க எடமில்ல" என்றேன்.

நீ அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாய். கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. ரிஜிஸ்தர் கல்யாணம் தை மாதக் கடைசியில் என்று உன் அம்மாவுக்குத்தான் கடிதம் வந்தது. இந்த வருஷக் குடிலை நான் ஒருவனே கட்டினேன். கழுதையை வைத்தபோது "லொள்" என்று சொல்ல ஆளில்லை. பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, என் பிள்ளை இனி இந்த வீட்டுக்கு விருந்தாளியாகக்கூட வரமாட்டானோ என்று நினைத்தேன். உன் அம்மா என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அதற்குப் பதிலாக என்னிடம் மரியாதையை ஒரு படி கூட்டிவிட்டாள். "சோறு போடட்டுமுங்களா? ரசம் ஊத்தட்டுமுங்களா? போதுமுங்களா?" முப்பது வருஷம் குடும்பம் நடத்தின பெண்டாட்டி ஹோட்டல் சர்வர் மாதிரிக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் எப்படி இறங்கும்?

நீ போனில் பேசினதற்கு மறுநாள் சாயங்காலம், நான் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அவள் சொன்னாள்: "பீடத்தத் தூக்கோணுமுங்க. என்ற கல்யாணச் சேல வேணும். பையன் கல்யாணத்துக்கு நான் அதத்தான் கட்டப் போறேன். நீங்க வந்தாலும் சரிங்க, வராட்டியும் சரிங்க." பழனிசாமியைக் கூப்பிட்டு வந்தேன். இரண்டு பேருமாக இறக்கி வைத்தோம். பெட்டியைத் திறந்தாள், அரக்குச் சேலை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது, வசம்பு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பீடத்து டிராயரை இழுத்து, மெழுகுத்திரிகளுக்கு அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நான்கு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. தினமும் என் மூக்குக்கு முன்னால். "மறுக்கா பீடத்தத் தூக்கி வைக்கறதா இருந்தா, இதையும் கட்டித்தான் வைக்கோணும். இல்லைன்னா கீழயே இருக்கட்டுமுங்க" என்றாள். பழனிசாமி இருக்கிறான், அவன் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன்.

அது மாலையே இல்லை, கண்ணு. தோரணம். பீடத்து வளைவுக்கு என்று செய்த தோரணம். நீல மணியில் மூன்று தொங்கல், ஒவ்வொரு தொங்கலிலும் வெள்ளை மணியில் ஒரு சின்னச் சிலுவை. ஒரு பூசைக்கும் போகாத பெண் அந்தச் சிலுவையை எத்தனை தடவை கோத்துப் பிரித்துச் சரி செய்திருப்பாள்! இரண்டு முனையிலும் மாட்டுவதற்கு வளையம் வைத்திருந்தாள். இரண்டு பித்தளைக் கொக்கியை எடுத்து வந்து, தூண் தலைப்பில் அடித்து மாட்டினேன். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை இம்மி கூட இல்லை, இம்மி குறைவும் இல்லை. நடுத் தொங்கல் மாதாவின் முடிக்கு மேலே இரண்டு விரல்கடை விட்டு நின்றது. முப்பத்து மூன்று வருஷம் அளவோடு பிழைப்பு நடத்துகிறவன் நான், உன் அம்மா பக்கம் திரும்பினேன். "அளவு யார் குடுத்தது?" என்று கேட்டேன். "உங்க பையந்தானுங்க. ஆனி மாசம் வந்தப்ப நீங்க பட்டறைக்குப் போயிருந்தீங்க. நூல வெச்சு அளந்து, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போனான். நாந்தான் ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஸ்கேலு எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன். 'நம்ம ஊட்டு ஸ்கேலு வேண்டாமுங்கம்மா'ன்னு சொல்லிப்போட்டான்." பழனிசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது. உன் அம்மா தோரணத்தைப் பார்த்தாள், எதிர்ச் சுவரில் டார்ச்சும் தைலமும் குடியிருக்கிற மாடத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, அளவப் பத்தி அந்தப் புள்ளகிட்ட நீங்க பேசலாமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்காமல் வந்தது, நின்றபோது அழுதுகொண்டிருந்தேன். பழனிசாமி "காப்பி கீப்பி உண்டுங்களா?" என்று சமையலறைப் பக்கம் போய்விட்டான், நல்ல மனுஷன். அன்றைக்குச் சாயங்காலச் செபத்தில் நான் தூங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களை ஒவ்வொருவராக நினைத்தேன். பெட்டியையும் சேலையையும் எட்டு வருஷம் விட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாத உன் அம்மாவுக்கு. இருபது பேர் முன்னால் அவமானப்பட்ட பிறகும் அதே பீடத்தை மண்டி போட்டு நூலால் அளந்த உனக்கு. எல்லாருக்கும் மேலே சுமதிக்கு. 'இது மாலை இல்லீங்க மாமா, தோரணம்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே தலைகுனிந்திருப்பேன். என்னைத் தலைகுனிய வைக்க மனசில்லாமல் 'சரிங்க மாமா' என்று மடித்து வைத்துவிட்டாள். அந்தப் பொறுமை எனக்கு இந்த வயசிலும் வரவில்லை. உனக்கும் என் ரத்தம்தானே ஓடுகிறது, அதனால் சொல்கிறேன்: ஒருவர் கையால் செய்து கொண்டு வந்ததை இரண்டு கையாலும் வாங்கு, முழுசாகப் பிரித்துப் பார், அதற்குப் பிறகு வாயைத் திற. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உன் அப்பன் சாட்சி.

நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஐம்பத்தாறு வயசுத் தேக்கை வளைக்க முடியாது. நான் முருகனைக் கும்பிடப் போவதில்லை. சுமதி செபமாலை சொல்ல வேண்டும் என்று கேட்கப் போவதும் இல்லை. நீ உன் பூசையை விட்டுவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதை மறைக்கவும் மாட்டேன். இதைப் பற்றிப் பாதரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒன்று சொல்வார், அதற்கு நான் ஒன்று சொல்வேன், எதற்கு வம்பு? ஆனால் மணி மணியாகச் சிலுவையைக் கோத்த பெண்ணின் மனசும், கோதுமைக் கதிரைச் செதுக்கின என் மனசும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வேலை எனக்குப் பழக்கம். அவள் கும்பிடுகிற சாமிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று நான் சொன்னபோது, எதிர்ச் சுவரில் மூன்றடிக்கு நாலடி இடம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நான் சரியான ஸ்கேலை எடுத்திருந்தால் அந்த இடம் என்றைக்கோ அடைந்து போயிருக்கும். பையில் தப்பான ஸ்கேலை வைத்த மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பட்டறைக்கு லீவு. மாடத்திலிருந்த சாமான்களை எல்லாம் காலி செய்து, கழுவி, வெள்ளையடித்தேன். பலகை வாங்கி, மாடத்துக்குள் போகிற மாதிரி ஒரு கூடு செய்தேன். இந்தத் தடவை எந்த ஸ்கேலையும் தொடவில்லை. நூல்தான், உன்னை மாதிரியே. ஒரு முனையை உன் அம்மா பிடித்தாள். அவள் கைக்கு எட்டுகிறதா என்று கேட்டேன். "எனக்கெதுக்குங்க? சுமதி என்னவிட ஒசரம்" என்றாள். கூட்டின் இரண்டு தூணிலும் என்ன செதுக்குவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மயில் வரவில்லை, என் மயில் கோழியாகிவிடும், கழுதையைப் பார்த்தாய் அல்லவா. கடைசியில் வெற்றிலைக் கொடி போட்டேன். நேற்று மத்தியானம் பழனிசாமியும் நானும் தூக்கி வைத்தோம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போய்விட்டது, கண்ணு. சுத்தியலால் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை.

நீ ஒரே வார்த்தை கேட்டாய். வாங்க. இரண்டு பேரும் வாங்க. விருந்தாளியாக வராதீர்கள், இருக்கிற மாதிரி வாங்க. வேலை ஈரோட்டில் என்றால் சனி ஞாயிறு வாங்க, ஆனால் இதுதான் வீடு என்று வாங்க. ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு நானும் அம்மாவும் அரக்குச் சேலையோடும் சலவை வேட்டியோடும் முதல் ஆளாக வந்து நிற்போம். சுமதியிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைக் கடிதத்தில் முடித்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கூட்டுக்குள் மேலே படம் வைக்க ஒரு பலகை, அதற்குக் கீழே விளக்கு என்று யோசித்திருக்கிறேன். படமோ வேலோ, அவள் எதை வைக்கிறாளோ அது அவள் இஷ்டம். ஆனால் விளக்கு எவ்வளவு உயரம் என்று தெரியாமல் பலகையை அடித்தால் சுடர் பட்டுக் கருகிப் போகும். சுமதி தன் வீட்டிலிருந்து கொண்டு வரப்போகிற விளக்கை, அடியிலிருந்து திரி முனைவரை நூல் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கவரில் வைத்து அனுப்பு. அளவை எண்ணில் எழுதி அனுப்பாதே, எந்த ஸ்கேல் என்று நான் எங்கே போய் விசாரிப்பது? நூலைச் சுமதியே பிடிக்கட்டும். பலகையை இழைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். உன் அப்பன் ஒரு கையில் சுத்தியலும் வாயில் நாலு ஆணியுமாக மாடத்துக்கு முன்னால் நிற்கிறான் என்று வைத்துக்கொள். சீக்கிரம் அனுப்பு.

அப்பா